முப்பதாயிரம் பவுண் சீதனம்

எங்கட ஆட்களிடம் ஒரு பெருமைக் கதை இருக்கிறது. கலியாண வீடோ செத்தவீடோ, ஸ்காபரோவில் நாலு பேர் கூடி அரசியல் பேசி முடிந்து தேத்தண்ணி வந்த பிறகு யாராவது ஒருவர் அதை எடுத்து விடுவார். "வெள்ளைக்காரிக்குச் சொத்துரிமை வந்தது நேற்றுத்தான். எங்கட பொம்பிளையளுக்குத் தேசவழமை எப்பவோ காணி பூமி எழுதிக் குடுத்திட்டுது." சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். குசினிக்குள் பலகாரம் பொரித்துக்கொண்டு நிற்கிற பெண்களிடம் மட்டும் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

அந்தக் கதையில் பாதி உண்மை. ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரி. எங்கள் பெண்ணைப் பற்றிச் சொல்வதில் ஒரு கையெழுத்துக் குறைகிறது. அந்தக் கையெழுத்து எங்கே போனது என்று தேடத்தான் இதை எழுதுகிறேன். போகிற பாதை கொஞ்சம் சுற்றுப் பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களுக்குள்ளால் நுழைந்து, உடுவிலையும் சென்னையையும் தொட்டுக்கொண்டு ரொறன்ரோவுக்கு வர வேண்டும். பொறுமையுள்ளவர்கள் கூட வாருங்கள்.

ஊரில் படித்த காலத்தில் சார்லட் புரொண்டியின் 'ஜேன் அயர்' (1847) எங்களுக்கு மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பாகத்தான் கிடைத்தது. ஏழை ஆசிரியை, பணக்கார எசமான், மேல்மாடியில் ஒரு பைத்தியக்காரி, கடைசியில் கலியாணம். தமிழ்ப் படம் மாதிரி இருந்தது. கனடாவுக்கு வந்து அகதி வழக்கு முடியாமல் இழுபட்ட நாட்களில், எனக்கென்று கிடைத்த முதலாவது அட்டை ரொறன்ரோ பொது நூலகத்து அட்டை. இரவு வேலை, பகல் நித்திரை, இடையில் கிடைத்த நேரத்தில் முழுப் புத்தகத்தையும் அகராதியோடு வாசித்தேன். சுருக்கப் பதிப்பில் வெட்டி எறிந்திருந்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. காதலை விட்டுவிட்டுக் கணக்கை வெட்டியிருந்தார்கள்.

கணக்கு இதுதான். தோர்ன்பீல்ட் மாளிகையில் ஒரு சிறுமிக்குப் படிப்பிக்கப் போகும் ஜேனுக்கு வருடச் சம்பளம் 30 பவுண். அந்த வீட்டுக்காரன் ரொச்செஸ்ரர் மேல்மாடியில் பூட்டி வைத்திருக்கிற மனைவி பேர்த்தா, ஜமெய்க்காவிலிருந்து கொண்டுவந்த சீதனம் 30,000 பவுண். ஜேன் ஆயிரம் வருசம் பிள்ளை படிப்பித்தால்தான் அந்தத் தொகை வரும். புரொண்டி இந்த இரண்டு எண்களையும் தற்செயலாகப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கலியாணம் எப்படி நடந்தது? ரொச்செஸ்ரரின் தகப்பனுக்குச் சொத்தைப் பிரிக்க மனமில்லை. முழுவதையும் மூத்த மகனுக்கு எழுதிவிட்டு, இளையவனுக்குக் கைநிறையச் சீதனம் உள்ள இடமாகப் பார்க்கிறார். பெண் வீட்டாரோ தங்கள் குடும்பத்தில் இருக்கிற வருத்தத்தை மறைத்துக் கட்டி வைத்துவிடுகிறார்கள். தகப்பனுக்கும் தமையனுக்கும் விசயம் தெரியும், ஆனாலும் 30,000 பவுண் வாயை மூடிவிட்டது. இந்தப் பகுதியை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தானுக்கு அகராதி தேவையில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அன்றைய ஆங்கிலச் சட்டத்தின்படி கலியாணம் கட்டிய கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவன். மனைவியின் காசு, நகை, தளபாடம், அவள் உழைக்கும் சம்பளம் எல்லாம் அவனுக்குச் சொந்தம். அவளுக்கு நிலம் இருந்தால் அதை அவன் தன் எண்ணத்துக்கு விற்க முடியாது, ஆனால் வாடகையும் வருமானமும் அவன் கையில். அவள் தன் பெயரில் ஒப்பந்தம் எழுத முடியாது, வழக்குப் போட முடியாது, கணவன் சம்மதிக்காமல் மரணசாசனம் எழுத முடியாது. பணக்காரத் தகப்பன்மார் மட்டும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மகளின் சொத்தை மூன்றாம் ஆள் ஒருவரின் பொறுப்பில் விட்டு, மருமகனின் கை படாமல் எழுதிவைப்பது. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், காசு வேண்டும். கூலிக்காரன் மகளுக்கு அந்த வழியும் இல்லை.

சட்டப் புத்தகம் இந்த வரிகளோடு நின்றுவிடும். அந்த வரிகள் ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்தன என்பதை நாவல்கள்தான் சொல்லும்.

ஜேன் ஒஸ்ரினின் 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' (1813) ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒரு வீட்டின் கதை. ஆண் வாரிசுக்கு மட்டும்தான் சொத்துப் போகும் என்று எழுதப்பட்டிருப்பதால், தகப்பன் கண்ணை மூடினால் வீடு தூரத்து உறவுக்காரனுக்குப் போய்விடும். தாய் மாப்பிள்ளை தேடி அலைவதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன். ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு ஊரில் தரகருக்குப் பின்னால் திரிந்த தாய்மாரை நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதே நாவலில் 27 வயது சார்லட் லூகஸ், தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொள்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கூரை.

ஆன் புரொண்டியின் 'தெ ரெனன்ற் ஒப் வைல்ட்பெல் ஹோல்' (1848) இன்னும் துணிச்சலானது. குடிகாரக் கணவனிடமிருந்து ஹெலன் என்ற பெண் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி, பொய்ப் பெயரில் ஒளித்திருந்து படம் வரைந்து விற்றுச் சீவிக்கிறாள். அன்றைய சட்டப்படி பிள்ளையும் கணவனுடையது, படம் விற்ற காசும் கணவனுடையது. அவள் தன்னுடைய பிள்ளையையும் தன்னுடைய உழைப்பையும் திருடிக்கொண்டுதான் ஓடினாள். இது கற்பனை மட்டுமல்ல. கரோலைன் நோர்ட்டன் என்ற எழுத்தாளரின் கணவர் 1836இல் மூன்று ஆண் பிள்ளைகளையும் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார். அவர் எழுதிச் சம்பாதித்த காசுக்கும் பின்னாளில் உரிமை கோரினார். நோர்ட்டன் விடாமல் துண்டுப்பிரசுரம் எழுதிப் போராடியதும் சேர்ந்துதான் 1839இல் தாய்மாருக்குச் சிறு பிள்ளைகள் மீது கொஞ்ச உரிமை தரும் சட்டம் வந்தது.

எழுதியவர்களின் சொந்த வாழ்க்கையையும் பாருங்கள். சார்லட் புரொண்டி 1854இல் கலியாணம் செய்யும்போது, எழுதிச் சேர்த்த காசைக் காப்பாற்ற உடன்படிக்கை எழுதி, ஒரு பொறுப்பாளரை வைக்க வேண்டியிருந்தது. 'ஜேன் அயர்' எழுதிய கைக்கே அந்தக் காவல் தேவைப்பட்டது. எலிசபெத் காஸ்கெல் 1865இல் தன் எழுத்துக் காசில் கணவருக்குத் தெரியாமல் ஒரு வீடு வாங்கினார். அந்த வீட்டிலேயே அந்த வருடமே இறந்தும் போனார். ஜோர்ஜ் எலியட் என்று ஆண் பெயரில் எழுதிய மேரி ஆன் எவன்ஸின் 'மிடில்மார்ச்' (1871-72) நாவலில், செத்துப்போன கணவன் தன் மரணசாசனத்தால் மனைவியைப் பிடித்து வைத்திருக்கிறான். அவன் பெயர் குறித்த ஒருவனை அவள் மறுமணம் செய்தால் சொத்து முழுவதும் போய்விடும். டொரோத்தியா சொத்தை விட்டுவிட்டு அவனைக் கட்டுகிறாள்.

1870இல் இங்கிலாந்தில் மனைவியின் உழைப்பு அவளுக்கே என்று ஒரு சட்டம் வந்தது. 1882இல் வந்த சட்டம்தான் பெரியது. மணமான பெண்ணும் மணமாகாத பெண்ணைப் போலத் தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், வாங்கலாம், விற்கலாம். எங்கட ஆட்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொல்கிற 'நேற்று' இதுதான்.

'ஜேன் அயர்' நாவலில் இன்னொரு கலியாணப் பேச்சும் உண்டு. சென் ஜோன் ரிவர்ஸ் என்ற பாதிரியார் இந்தியாவுக்கு மிசனரியாகப் போக இருக்கிறார். துணைக்கு ஒரு மனைவி வேண்டும். ஜேனைக் கேட்கிறார். காதல் என்ற பேச்சே இல்லை, கடவுள் வேலைக்கு ஓர் ஆள். ஜேன் மாட்டேன் என்கிறாள். ஆனால் உண்மை வாழ்க்கையில் சரி என்று சொல்லிக் கப்பல் ஏறிய பெண்கள் நிறைய. அவர்களில் ஒருவர் எங்கள் ஊருக்கே வந்தார். அமெரிக்கப் பெண் ஹரியற் வின்சிலோ கலியாணம் கட்டிச் சில மாதங்களில், 1819இல், கணவர் மைரன் வின்சிலோவோடு பொஸ்ரனில் கப்பல் ஏறினார். கணவர் பெயரை எல்லோருக்கும் தெரியும், 1862இல் வந்த பெரிய தமிழ் ஆங்கில அகராதி அவருடையது. மனைவி செய்தது 1824இல் உடுவிலில் பெண்களுக்கென்று ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியது. 1833இல், 36 வயதில், யாழ்ப்பாணத்திலேயே இறந்தார்.

பெண் பிள்ளையைப் படிக்க அனுப்ப அப்போது யார் சம்மதிப்பார்கள்? உடுப்பு, சாப்பாடு மட்டுமல்ல, படித்து முடித்துக் கட்டிக்கொடுக்கும்போது சீதனமும் மிசன் கொடுத்தது. சீதனத்தை ஒழிக்கிற பள்ளிக்கூடம் சீதனம் கொடுத்துத்தான் தொடங்கியது என்று பகிடியாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்கள் எழுத வாசிக்கத் தெரிந்த பெண்களை உண்டாக்கின. அவர்களில் சிலர் நாவலும் எழுதினார்கள்.

அப்படி எழுதியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சென்னையில் இருந்தவர், கிருபாபாய் சத்தியநாதன். பிறந்தது 1862இல் அகமத்நகரில், தாய்மொழி மராத்தி, பிராமண குடும்பத்திலிருந்து கிறித்தவர்களான பெற்றோர். வைத்தியம் படிக்க இங்கிலாந்து போகும் வாய்ப்பை உடல்நிலை தடுத்தது. அதனால் 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்த வருடத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1875இல். ரொறன்ரோவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி திறந்தது 1883இல். கனடாவில் படித்து மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண் அகஸ்ரா ஸ்ரோ அந்த வருடம்தான் பட்டம் வாங்கினார். அவருடைய தாய் எமிலி ஸ்ரோ ரொறன்ரோவில் மருத்துவ விரிவுரை கேட்கப் போய், ஆண் மாணவர்களின் சேட்டைகளைத் தாங்கியவர். வெள்ளைக்காரி எல்லாவற்றிலும் முன்னுக்கு நின்றாள் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவள் எல்லாவற்றிலும் பின்னுக்கு நின்றாள் என்று நினைப்பவர்களுக்கும் பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கிருபாபாயின் உடம்பு ஒரு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. படிப்பை விட்டார். சென்னையில் அவர் தங்கியிருந்த வீட்டு மகன் சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். பிறகு ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். 'சகுணா' 1887-88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் தொடராக வந்தது, அநேகமாக அவருடைய சொந்தக் கதை. இரண்டாவது நாவல் 'கமலா' 1894இல் நூலாக வந்தது. அந்த வருடமே அவர் இறந்துவிட்டார். வயது 32. பிறகு இரண்டும் தமிழிலும் வந்தன.

'கமலா' ஓர் இந்துப் பெண்ணின் கதை. சிறுவயதில் கலியாணம். கணவன் கணேஷ் அவளுக்கு எழுத வாசிக்கச் சொல்லிக்கொடுக்க முயல்கிறான். வீட்டாருக்கு அது பொறுக்கவில்லை. கோள் சொல்லிப் பிரிக்கிறார்கள். அவன் வேறொரு பெண்ணிடம் போகிறான். பிறகு வாந்திபேதியில் செத்துப்போகிறான். இளம் விதவை கமலாவுக்குத் தகப்பன் வழியில் பெரிய சொத்து வந்து சேர்கிறது. அவளை நேசிக்கிற ராம்சந்தர் மறுமணம் கேட்கிறான். ஆங்கில நாவலாக இருந்தால் இந்த இடத்தில் கோயில் மணி அடித்திருக்கும். ஜேனுக்கும் இப்படித்தான் சிறிய தகப்பனிடமிருந்து 20,000 பவுண் வருகிறது, நாலாகப் பங்கிட்டுத் தன் பங்கு 5,000 பவுணோடு தன் காலில் நிற்பவளாக ரொச்செஸ்ரரிடம் போகிறாள். (1847இல், உடன்படிக்கை எழுதாவிட்டால், தாலி கட்டிய அன்றே அந்த 5,000 பவுணும் ரொச்செஸ்ரருடையது. புரொண்டி அதைச் சொல்லாமல் நாவலை முடித்துவிட்டார்.) கமலா மறுத்துவிடுகிறாள். சொத்தைத் தன்னைப் போன்ற பெண்களுக்கும் ஏழைகளுக்கும் செலவழித்து வாழ்ந்து முடிக்கிறாள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், சட்டம் அவளைத் தடுக்கவில்லை. இந்து விதவைகள் மறுமணச் சட்டம் 1856இலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்திலும் ஒரு முடிச்சு இருந்தது: மறுமணம் செய்கிற விதவை செத்த கணவனின் சொத்தை இழப்பாள். 'மிடில்மார்ச்' நாவலில் ஒரு பொறாமைக்காரக் கிழவன் மரணசாசனத்தில் எழுதியதை, இங்கே அரசாங்கமே எல்லா விதவைகளுக்கும் எழுதி வைத்தது. ஆனால் கமலாவின் சொத்துத் தகப்பன் சொத்து, அந்த முடிச்சும் அவளைக் கட்டாது. அவளைக் கட்டியது அவளுக்குள் ஊட்டப்பட்டிருந்த பயம். டொரோத்தியாவுக்குச் சட்டம் கதவைப் பூட்டியது, அவள் உடைத்துக்கொண்டு போனாள். கமலாவுக்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்தது, அவளால் வெளியே கால் வைக்க முடியவில்லை. இதை ஆங்கிலேயப் பெண் ஒருவர் எழுதியிருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

மற்றவர் எங்கள் ஊரவர், மங்களநாயகம் தம்பையா. அவருடைய 'நொறுங்குண்ட இருதயம்' 1914இல் வந்தது. ஈழத்துத் தமிழ்ப் பெண் எழுதிய முதல் நாவல் என்று சொல்லப்படுகிறது. கண்மணி என்ற பெண் கலியாணத்துக்குப் பிறகு படுகிற பாடுதான் கதை. சமய போதனை கூடுதல்தான். ஆனால் வசதியான யாழ்ப்பாண வீடு ஒன்றில் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று ஒரு பெண் தமிழில் எழுதி அச்சில் போட்ட வருடம் 1914 என்பதை மறக்கக்கூடாது. அதற்கு மூன்று வருடம் முன்புதான் எங்கள் கையெழுத்து காணாமற் போயிருந்தது. இனி அதற்கு வருவோம்.

தேசவழமையை 1707இல் ஒல்லாந்தருக்காக எழுதிக் கொடுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ். 12 முதலிமார் வாசித்துச் சரி என்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். அதன்படி மூன்று வகைச் சொத்து: வழிவழியாக வரும் முதுசம், பெண் கொண்டு வரும் சீதனம், இருவரும் சேர்ந்து தேடிய தேட்டம். பழைய வழக்கத்தில் தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்குப் போனது. 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' தாய் யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால் அவளுடைய சீதன வீடு மகள்மாருக்குத்தான். எங்கட ஆட்களின் பெருமை இவ்வளவு தூரம் சரி.

ஆனால் உறுதியில் பெயர் இருப்பது வேறு, அதை விற்க ஈடு வைக்க முடிவது வேறு. 1911இல் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைச் சட்டம் வந்தது. மனைவியின் சொத்து அவளுடைய தனிச்சொத்து, கணவனின் கடனுக்கு அதைப் பறிக்க முடியாது என்று நன்றாகத்தான் தொடங்குகிறது. பிறகு வருகிறது அந்த வரி. அசையும் சொத்தை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம். காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் தன் தனிச்சொத்தை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. மரணசாசனத்தில் அவள் அந்தக் காணியை யாருக்கும் கணவனைக் கேட்காமல் எழுதலாம். செத்த பிறகு கொடுக்கலாம், உயிரோடு இருக்கும்போது கொடுக்க முடியாது.

1882இல் தங்கள் நாட்டுப் பெண்ணுக்குக் கையெழுத்தைக் கொடுத்த அதே ஆங்கிலேய ஆட்சி, 29 வருடம் கழித்து எங்கள் பெண்ணின் கையெழுத்துக்குப் பக்கத்தில் கணவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கியது. வெள்ளைக்காரனை மட்டும் திட்டி முடிக்க முடியாது. 1923இல் இலங்கையில் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்து, கரையோரச் சிங்களப் பெண்ணுக்கும் கொழும்புப் பறங்கிப் பெண்ணுக்கும் கணவன் கையெழுத்துத் தேவையில்லை என்று ஆனது. அந்தச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1947இல் எங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போதும் அந்த வரி தப்பிவிட்டது. சட்டசபையில் எங்கள் கனவான்கள் இருந்த காலங்கள் இவை.

நூறு வருசப் பழைய வரி யாருக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னுடைய ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் 1984இல் கலியாணம் கட்டினார். சீதனம் ஒரு கல்வீடும் நாலு பரப்பு வளவும். 1996இல் கடைக்குப் போன அத்தான் திரும்பி வரவில்லை. 2009இல் போர் முடிந்து, இடம்பெயர்ந்து திரிந்தவர் ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வளவில் பாதியை விற்று வீட்டைத் திருத்துவோம் என்று நொத்தாரிசிடம் போனார். உறுதி அவருடைய பெயரில். நொத்தாரிசு கேட்டது ஒன்றைத்தான்: கணவனின் கையெழுத்து.

எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, அவர் செத்திட்டார் எண்டு நான் எழுதிக் குடுத்தால் காணியை விக்கலாமாம். நான் எப்பிடியடா அதை எழுதிறது?"

காணாமற் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010இல் சட்டம் வந்திருந்தது. எடுத்தால் அக்கா விதவை, விதவைக்குக் கணவன் கையெழுத்துத் தேவையில்லை. எடுக்காவிட்டால் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் இன்னொரு பிரிவின்படி, கணவன் இருக்கும் இடம் தெரியவில்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அக்கா இரண்டாவதைத்தான் செய்தார். சட்டத்தரணிக்கு இங்கிருந்து காசு அனுப்பினோம். தவணை தவணையாக இரண்டு வருடம் போனது. (காணாமற் போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்று 2016இல்தான் வந்தது.) தன் சொந்தக் காணியில் பாதியை விற்பதற்கு, தான் பொட்டு வைப்பது சரிதான் என்று அவர் நீதிமன்றத்தில் போய் நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்படி வடக்கில் எத்தனை பெண்கள் உறுதியோடு நின்றார்கள் என்று அங்குள்ள சட்டத்தரணிகளைக் கேட்டுப் பாருங்கள். தேசவழமை எங்கட பொம்பிளையளுக்குக் காணி எழுதிக் குடுத்திட்டுது என்ற கதையை இப்போது கேட்கும்போது எனக்கு அக்காவின் குரல்தான் கேட்கிறது.

கனடா மட்டும் சொர்க்கமா? ஒன்ராறியோவில் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த சட்டம் 1884இல் வந்தது. ஆனால் உறுதியில் பெயர் இல்லாத பெண்ணுக்கு அது உதவவில்லை. அல்பேர்ட்டாவில் ஐரீன் மேர்டொக் என்ற பெண் 25 வருடம் கணவனோடு மாட்டுப் பண்ணையில் வேலை செய்தார். கணவன் வெளி வேலைக்குப் போன மாதங்களில் பண்ணை முழுவதையும் தனியே பார்த்தார். பிரிந்தபோது பங்கு கேட்டார். இது எந்தப் பண்ணைக்காரன் மனைவியும் செய்கிற சாதாரண வேலைதான் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1973இல் கைவிரித்தது. நாடு முழுவதும் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். ஒன்ராறியோ 1978இல் குடும்பச் சட்டத்தை மாற்றியது. 1986இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. நியூபவுண்லாந்துக் கடலில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த வருடமும் அதுதான். அந்தச் சட்டப்படி, குடும்பம் வாழ்கிற வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவனோ மனைவியோ மற்றவரின் சம்மதமில்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. இங்கேயும் கையெழுத்துக் கேட்கிறார்கள், ஆனால் இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். 1911ஆம் ஆண்டு வரியில் இல்லாதது அந்த மற்றப் பக்கம்தான்.

நான் சில காலம் வீடு வாங்குகிற விற்கிற எங்கட ஆட்களுக்கு வழக்கறிஞர் அலுவலகங்களில் மொழிபெயர்த்திருக்கிறேன். கத்தையாகப் பத்திரங்கள் மேசைக்கு வரும். கணவன் ஒவ்வொன்றாகக் கேட்பார். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். இரண்டாவது ஈடாக இருக்கும், தம்பியின் கடைக்குப் பொறுப்பு நிற்பதாக இருக்கும். "இதிலை போடும்" என்பார் கணவன். விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து விழும். "அக்கா, இது என்னவென்று சொல்லட்டுமா?" என்று நான் கேட்டால் பலர் அவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரேயொரு பெண், முழுவதும் வாசித்துச் சொல்லுங்கோ என்று முக்கால் மணித்தியாலம் இருத்தி வைத்தார். கணவருக்குக் கோபம். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஐரீன் மேர்டொக் தோற்று வாங்கிக் கொடுத்த கையெழுத்து அது. கமலாவைக் கட்டிப்போட்ட பயம் ஸ்காபரோ வரைக்கும் எங்களோடு விமானம் ஏறி வந்திருக்கிறது.

'ஜேன் அயர்' இங்கே நூலகத்தில் சும்மா கிடைக்கிறது. மகள் வைத்திருந்தால் நீங்களும் வாங்கி வாசியுங்கள், தாய்மாரே, தகப்பன்மாரே. காதல் பகுதியை அவள் பார்த்துக்கொள்வாள். நீங்கள் அந்த 30 பவுணையும் 30,000 பவுணையும் அவளுக்குக் காட்டுங்கள். பிறகு உங்கள் வீட்டு உறுதியை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது, அது எதற்கு ஈடு நிற்கிறது என்று இரண்டு பேருமாக இருந்து வாசியுங்கள். அக்காவின் வீட்டுக்கு இப்போது ஓடு போட்டாயிற்று. வாசலில் அத்தானின் சைக்கிள் இன்னும் நிற்கிறது. சொத்தை விற்க அனுமதி தந்த நீதிமன்றக் கட்டளையை அவர் சீதன உறுதியோடு சேர்த்து ஒரே தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.